உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்கள் மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன்பிறகு ஜனவரி முடியும்வரை, அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்த டாக்டர்கள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் சட்டென்று ஒரு தேதியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல தேதிகள் போய்விடும். சேலத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த மெயில் நடுராத்திரியில் வரும். எனக்கும் அந்த மாதங்களில்தான் செய்திகள் வரும். "அக்கா, ஒரு மாக் இன்டர்வியூ எடுப்பீங்களா?"

எடுப்பேன். கேட்ட யாருக்கும் இதுவரை மறுத்ததில்லை. ஓஹையோவில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன்; ரெசிடென்ட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், குளிர்காலத்தில் தேர்வுக் குழுவில் உட்கார்வதும் என் வேலையில் சேர்ந்தவை. மாக் இன்டர்வியூவில், அதாவது ஒத்திகை நேர்காணலில், நான் முதலில் கேட்பது எல்லோரும் கேட்பதுதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உடனே ஒப்பித்தல் தொடங்கிவிடும். குரல் ஒரே மட்டத்தில் ஓடும். கண் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்த காகிதத்துக்குப் போய்ப்போய் வரும். ஊர், கல்லூரி, மெடல், ஆராய்ச்சிக் கட்டுரை, கருணை, உழைப்பு, குழுவாக இயங்கும் திறன். எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பேசுகிற ஆள் அதில் இருக்க மாட்டான்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாம் வளர்ந்த வழி அப்படி. பிளஸ் டூ முடித்தபோது நமக்காக மார்க் பேசியது. மேற்படிப்புக்கு ரேங்க் பேசும். கவுன்சிலிங் நாளில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வர, நம் முறை வந்ததும் மிச்சம் இருப்பதில் ஒன்றைக் காட்டுவோம். நீ எப்படிப்பட்ட டாக்டர், நோயாளி கத்தினால் என்ன செய்வாய் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அந்த முறையை நான் மதிக்கிறேன். ஆங்கிலம் தடுமாறுகிற, யாரையும் தெரியாத ஒரு வீட்டுப் பெண்ணுக்கு டாக்டர் சீட்டு கிடைத்தது மார்க்கால்தான். நேர்முகம் என்றாலே தெரிந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள் என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

வாயைத் திறந்து பேச வேண்டிய பரீட்சை என்று எங்களுக்குத் தெரிந்தது, ஒரு நோயாளியைப் பரிசோதித்து எக்ஸாமினரிடம் விவரம் சொல்கிற இறுதியாண்டு லாங் கேஸ் ஒன்றுதான். மதுரை பெரியாஸ்பத்திரியில் வருஷா வருஷம் பரீட்சைக்கு வருகிற ஓர் இதய நோயாளி இருந்தார். மைட்ரல் வால்வு சுருங்கியவர். எத்தனையோ பேட்ச் மாணவர்கள் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத்தான் டாக்டர் ஆனார்கள். எனக்கு அவர் வந்து வாய்த்தபோது, கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லும்மா. பெல்லை வச்சுக் கேளு. மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லு." அவர் சொன்னபடி செய்தேன். அந்தத் தணிந்த உருட்டல் சத்தம் கேட்டது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து நின்றதும், என்ன செய்தேன், எங்கே கேட்டேன், என்ன கேட்டது என்று வரிசையாகச் சொன்னேன். கேட்காத சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னால் எக்ஸ்டர்னல் அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அமெரிக்க நேர்காணலுக்கு வேண்டிய திறமை அந்த லாங் கேஸில் முழுவதுமாக இருக்கிறது. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

நான் நேர்காணல்களுக்கு அலைந்த காலத்தில் எல்லாம் நேரில்தான். கணினித் திரையில் நடத்துகிற வழக்கம் 2020 கொரோனாவுக்குப் பிறகு வந்தது. மதுரையில் ஜில்லா கோர்ட்டுக்கு எதிரே வக்கீல்களுக்குத் தைக்கிற டெய்லரிடம் அம்மா என்னைக் கூட்டிப்போய்க் கறுப்புக் கோட்டு தைத்து வாங்கிக் கொடுத்தாள். பெண் வக்கீல் அளவு அவருக்கு அத்துப்படி, ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை. அந்தக் கோட்டை மடிப்புக் கலையாமல் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஜெர்சி சிட்டியில் ஒரு சிறிய அபார்ட்மென்ட்டுக்கு வந்தேன். அங்கே என்னைப் போலவே பரீட்சைகளை முடித்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருந்த பெண்கள். குண்டூர்க்காரி ஒருத்தி, நேபாளத்துக்காரி ஒருத்தி, சென்னைப் பெண்கள். தரையில் மெத்தை போட்டுத் தூங்குவோம். யாருக்காவது நேர்காணல் என்றால் மற்றவர்கள் எழுந்து டீ போட்டுக் கொடுப்போம். நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி நிலையத்தில் ராத்திரி கிரேஹவுண்ட் பஸ் ஏறினால் விடியும்போது இன்னொரு மாநிலம்.

அந்த அறையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. எந்த வருஷத்துச் சீனியர் தொடங்கினாரோ தெரியாது, கைமாறிக் கைமாறி ஓரங்கள் நைந்துபோயிருந்தது. கேள்வியும் பதிலும். உங்கள் பலவீனம் என்ன? எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பதுதான் என் பலவீனம். ஏன் இந்த மருத்துவமனை? உங்கள் நோயாளிகளின் பன்முகத்தன்மை என்னைக் கவர்ந்தது. ராத்திரி ஒருத்தி கேட்க இன்னொருத்தி சொல்லுவாள். இப்போது மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது அதே பதில்கள், சொல் மாறாமல், இன்னும் வருகின்றன. அந்தக் காகிதக் கட்டு எங்கெல்லாம் பயணம் செய்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதைச் சொல்கிற பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஒருவரும் நம்பாத பதிலுக்கு எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கும்.

பலவீனம் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சென்ற ஆண்டு ஒரு பையன் சொன்னான்: "வார்டில் நான் வேகமாகப் பேசிவிடுகிறேன். நோயாளி தலையாட்டுவார், புரிந்திருக்காது. இப்போது கடைசியில் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்." மதிப்பெண் தாளில் அவனுக்கு நான் போட்டது குழுவில் யாரும் போட்டதைவிட அதிகம். வேறு யாரோ எழுதிக் கொடுத்த பதில் அப்படி இருக்காது.

இந்த ரெசிடென்சி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரெசிடென்ட் என்றால் உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் குடியிருந்தவர்கள். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தபோது வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் அமைத்த பயிற்சி முறையில் இளம் டாக்டர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, கூப்பிட்ட நேரத்துக்கு வார்டில் நின்றார்கள். மதுரையில் ஹவுஸ் சர்ஜன் குவார்ட்டர்ஸில் இருந்த நாங்களும் அந்த வம்சம்தான்.

பயிற்சிக்கு ஆள் எடுப்பதில் அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய ரகளை நடந்தது. மாணவர்கள் குறைவு, ஆஸ்பத்திரிகள் அதிகம். நல்ல மாணவரை முந்திப் பிடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் தேதியை முன்னே இழுத்துக்கொண்டே போய், 1944 வாக்கில் படிப்பு முடிய 2 வருஷம் இருக்கும்போதே இடம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. அதைத் தடுக்க, குறிப்பிட்ட நாள்வரை மாணவரின் விவரங்களைக் கல்லூரிகள் தரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். உடனே ரகளை இடம் மாறியது. இன்றைக்குள் பதில் சொல், இப்போதே சொல் என்று நெருக்கினார்கள். 1945இல் யோசிக்க 10 நாள் கொடுத்தார்கள். 1949இல் 12 மணி நேரம்கூட அதிகம் என்றாகிவிட்டது. கடைசியில் 1952இல், மாணவர்களும் ஆஸ்பத்திரிகளும் விருப்ப வரிசைப் பட்டியல் எழுதிக் கொடுக்க, பொதுவாகக் கணக்குப் போட்டுப் பொருத்துகிற மேட்ச் முறை வந்தது. முதலில் திட்டமிட்ட கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. எட்டாத இடத்தை முதலில் எழுதுகிற மாணவர், எட்டக்கூடிய இடத்தையும் இழந்துவிடக்கூடும். அதைக் கண்டுபிடித்து, பல கல்லூரி மாணவர்களைத் திரட்டி மாற்றவைத்தவர்கள் மாணவர்கள்தான். ஹார்வர்டில் படித்த ஹார்டி ஹென்ட்ரென் என்பவர் முன்னால் நின்றார். பின்னாளில் அவர் குழந்தைகள் அறுவை மருத்துவத்தில் பெரிய பெயர் எடுத்தார்.

எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். டேவிட் கேலும் லாய்ட் ஷேப்லியும் 1962இல் இதே மாதிரியான பொருத்தத்துக்கு ஒரு கணிதக் கட்டுரை எழுதினார்கள். ஆஸ்பத்திரிகள் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருந்ததும் அவர்கள் எழுதியதும் ஒன்றுதான் என்று ஆல்வின் ராத் 1984இல் காட்டினார். அவரும் எலியட் பெரான்சனும் திருத்திய கணக்கு 1998 மேட்சிலிருந்து நடக்கிறது. அதில் விண்ணப்பிக்கிறவரின் விருப்பத்திலிருந்து பொருத்தம் தொடங்குகிறது. 2012இல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் அதற்குமுன் இறந்துவிட்டார்.

இதில் டாக்டர் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பட்டியலில் உனக்கு எது முதலில் பிடித்ததோ அதை முதலில் எழுது. அவர்கள் என்னை எடுப்பார்களா, மாட்டார்களா என்று கணக்குப் போடாதே. அந்த இடம் கிடைக்காவிட்டாலும் அதை முதலில் எழுதியதால் உனக்கு நஷ்டம் வராது. பிப்ரவரியில் வருஷந்தோறும் இதைச் சொல்கிறேன். நம்ப மறுக்கிறார்கள். "அப்படியே உள்ளதை எழுதிட்டா எப்படிக்கா?" என்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் மோசம் போவோம் என்று எங்கேயோ கற்றுக்கொண்டுவிட்டோம். பட்டியலில் இருக்கிற அதே பயம்தான் நேர்காணலிலும் வந்து உட்காருகிறது.

உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு, மேலூர்க்காரம்மா என்ற ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எந்த நேர்காணலிலும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நெல் அறுப்பு நேரத்தில் சாயங்காலம், பாம்பு கடித்த அந்தம்மாவைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த பையன் யூரியா சாக்கில் பாம்பை அடித்துப் போட்டுத் தூக்கி வந்திருந்தான். கண்ணாடி விரியன். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. எனக்குக் கொடுத்த வேலை ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பது. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாய். அதில் 2 மில்லி ரத்தம். 20 நிமிஷம் அதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. பிறகு ஒருதரம் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ரத்தம் அடியிலேயே நிற்கும். அந்தம்மாவுடையது தண்ணீர் போல ஓடி வந்தது.

ட்யூட்டி டாக்டரான அசிஸ்டென்ட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். சாப்பாட்டில் கையை வைத்தவர் அப்படியே எழுந்து வந்துவிட்டார். விஷமுறிவு மருந்து பொடியாக வரும். குப்பிக்கு 10 மில்லி தண்ணீர் ஏற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 10 குப்பிகள். நான் உருட்ட உருட்ட அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியை ஏற்றித் தலைமாட்டில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் மருந்து ஏறியது. 6 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டபோது அந்தம்மா கண்ணை விழித்துக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, உறைஞ்சுருச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை. மீண்டும் மருந்து, மீண்டும் 6 மணி நேரம். உறைந்தது. ஆனால் அதற்குள் சிறுநீர் குறைந்துவிட்டிருந்தது. டயாலிசிஸுக்குப் போனார். சில வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்தக் குப்பிகளில் இருந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றித்தான் முறிவு மருந்து செய்கிறார்கள். 2017இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை ஃபிளாரிடாவுக்கு அழைத்தார்கள், அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுக்க. 2023இல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் இதே ஓஹையோவில் இருந்தேன். அந்த ராத்திரி நான் உருட்டிய குப்பிகளுக்கு முன்னாலும் ஒரு கை இருந்திருக்கிறது என்று நினைத்தேன். விசா ஆபீஸரிடம் அவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். பாம்பு பிடிக்கத் தெரியும் என்று சொல்லியிருப்பார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்.

கறுப்புக் கோட்டில் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். நரைத்த தலை, சிறுநீரக டாக்டர். என் விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். காகிதக் கட்டில் இதற்கு ஒரு பதில் இருந்தது. நான் மேலூர்க்காரம்மாவைச் சொன்னேன். குழாய், 20 நிமிஷம், சாய்த்துப் பார்த்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் புதிய குழாய்?" சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம், உறையவைக்கிற வேலையைத் தொடங்குவது கண்ணாடியின் பரப்பு, பிளாஸ்டிக்கும் உதவாது என்றேன். "நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டார். "குப்பிகளை உருட்டினேன், குழாயைப் பார்த்தேன், அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டேன், சிறுநீரை மணிக்கு மணி அளந்தேன்" என்றேன். நான் காப்பாற்றினேன் என்று சொல்லவில்லை, காப்பாற்றியது நான் மட்டும் இல்லை. பிறகு மிச்ச நேரம் முழுக்க விரியன் விஷம் சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம். நேர்காணல் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அந்த இடத்தைத்தான் பட்டியலில் முதலில் எழுதினேன். அங்கேதான் பயிற்சி எடுத்தேன்.

ஒரு கேள்வி எனக்குள் வெகுநாள் இருந்தது. ஒருவருடைய வேதனையைச் சொல்லி நாம் வேலை வாங்கலாமா? இப்போது பிள்ளைகளிடம் ஒரு நோயாளியைச் சொல் என்றால், மிகவும் பரிதாபமான மரணத்தைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். குரல் கம்முகிறது. எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்த மரணம் உன்னை உயர்த்திக் காட்டவா என்று கேட்பேன். அந்த நோயாளி இப்போது இந்த அறையில் உட்கார்ந்து கேட்டால் தலையாட்டுவாரா, அதை மட்டும் பார்த்துக்கொள். மேலூர்க்காரம்மா கேட்டிருந்தால், குழாயைத் தானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சேர்த்துச் சொல்லியிருப்பார். அதனால் அதையும் சேர்த்தே எப்போதும் சொல்வேன்.

பயிற்சி முடிந்ததும் நான் ஓஹையோவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்ததற்கு ஜே-1 விசா காரணம். அந்த விசாவில் பயின்றவர்கள் 2 வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் 3 வருஷம் வேலை பார்க்க ஒப்புக்கொண்டு விலக்கு வாங்க வேண்டும். சோளக்காட்டுக்கு நடுவே இப்படி எத்தனையோ நம் டாக்டர்கள். அமெரிக்காவில் நான்கு டாக்டர்களில் ஏறத்தாழ ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். எழுத்தாளரான டாக்டர் ஆப்ரகாம் வர்கீஸ் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் முடித்துவிட்டு டென்னஸியில் ஜான்சன் சிட்டி என்ற சின்ன ஊரில்தான் ரெசிடென்ட்டாகத் தொடங்கினார். நேர்காணலில், எங்கள் ஊர் சின்னது, உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டால், சின்ன ஊரைத் தனக்குத் தெரியும் என்று சொல்ல ஒரு தருமபுரிப் பையனுக்கு என்ன தயக்கம்? அவன் தன் ஊரில் ஓ.பி. சீட்டு வாங்க விடியற்காலை பஸ்ஸில் கிளம்புகிறவர்களைப் பார்த்தவன். அதைச் சொல்லச் சொன்னால், "அதெல்லாம் சொல்லலாமாக்கா?" என்கிறான். அதைத்தான் சொல்ல வேண்டும்.

திரை வழி நேர்காணல் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். விமானச் செலவு மிச்சம், கடன் மிச்சம். இங்கே காலை 9 மணி என்றால் நவம்பர் நடுவில் ஊரில் இரவு 7.30. இன்வெர்ட்டரைப் பார்த்து வை, விளக்கு முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், கேமராவைப் பார்த்துப் பேசு, குக்கர் விசில் வந்தால் வரட்டும், ஒன்றும் ஆகாது. மெயில் அனுப்புகிற கோஆர்டினேட்டருக்கு மரியாதையாகப் பதில் எழுது. அவர் சொல்கிற ஒரு வார்த்தைக்குக் குழுவில் என்ன எடை என்று வெளியே தெரியாது. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்று யாராவது கேட்டால், அது கேட்கக்கூடாத கேள்வி என்பதைத் தெரிந்துவைத்துக்கொள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பயிற்சியின் மூன்று வருஷமும் முழுதாக இங்கே இருப்பேன் என்று மட்டும் சொன்னேன். வேறு எங்கெல்லாம் போனாய், எங்களை எத்தனையாவதாக எழுதுவாய் என்றும் கேட்கக்கூடாது. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை.

மார்ச் மூன்றாம் வாரத் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். எங்கே என்பது வெள்ளிக்கிழமை, ஊரில் அப்போது இரவு 9.30. நடுவில் அந்த நான்கு நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வருஷத்துக்கு 40,000க்கும் மேல் இடங்கள் இருந்தும், வெளிநாட்டில் படித்த வெளிநாட்டுக் குடிமக்களில் இப்போதெல்லாம் 100க்கு 60 பேர் அளவில்தான் இடம் பெறுகிறார்கள். உள்ளூர் மாணவர்களுக்கு 90க்கும் மேல். இந்த வித்தியாசத்தை நேர்காணல் தயாரிப்பு முழுதாக அடைத்துவிடாது. எத்தனையோ நல்ல டாக்டர்கள், நான் என் அம்மாவைத் தயங்காமல் ஒப்படைக்கக்கூடியவர்கள், திங்கட்கிழமை வெறுங்கையோடு நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் போன் செய்வேன். நீ பேசியதில் என்ன தப்பு என்று ஆராய அன்றைக்கு நான் உட்கார மாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். மறு வருஷம் மறுபடி விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு, நீட் எழுதி ஊரிலேயே எம்.டி. சேர்ந்தவர்களும் உண்டு. ஊருக்கும் நல்ல டாக்டர் வேண்டும்.

கடைசியில் எல்லா நேர்காணலிலும் அவர்கள் கேட்பார்கள்: எங்களிடம் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா? இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். நான் கற்றுக்கொடுப்பது ஒரே கேள்விதான். ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவேன், கூப்பிட்டால் வருவார்களா? சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்த அசிஸ்டென்ட்டிடம் பயின்றவர்களுக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது.

சென்ற டிசம்பரில் என் எதிரே திரையில் வந்த ஒரு பெண், எனக்கு முன்பின் தெரியாதவள், தானாகவே இதைக் கேட்டாள். எங்கள் மருத்துவமனையில் ராத்திரி மூத்த ரெசிடென்ட் ஒருவர் கூடவே இருப்பார், ஐ.சி.யூ. டாக்டர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பார், வீட்டில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் போனை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் மறுநாள் புரோகிராம் டைரக்டருக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். சரி, போன வருஷம் அப்படி எடுக்காத சந்தர்ப்பம் ஏதாவது உண்டா என்று அடுத்ததாகக் கேட்டாள். அதற்கும் பதில் சொன்னேன்.